நீலக் கைலி கட்டிய நண்டு

எனக்கு ஒப்பாரி பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னைக் கல்நெஞ்சுக்காரி என்று ஏச வேண்டாம். நான் கிளியனூரில் பயிர் வைக்கிற வீட்டில் பிறந்தவள். எங்கள் ஊரிலும் சாவு விழும். அழுவோம், குளிப்போம், அடுப்பைப் பற்ற வைப்போம். மரக்காணத்தில் உப்பளத்துக்கும் கடற்கரைக் குப்பத்துக்கும் நடுவே இருந்த பள்ளிக்கூடத்துக்கு டீச்சராக வந்த பிறகுதான் ஒப்பாரிக்கும் சட்டதிட்டம் உண்டு என்று தெரிந்துகொண்டேன்.

அந்தக் குப்பத்தில் ஒரு பெண் ஒப்பாரி எடுத்தால், அது காதில் விழுந்த பெண்கள் எல்லோரும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு அந்த வாசலுக்கு ஓட வேண்டும். யாருக்கு, என்ன, ஏது என்று கேட்கக் கூடாது. கேட்டுக்கொண்டு நின்றால் அடுத்த சாவு கேட்டவள் வீட்டுக்கு வருமாம். குரலை வைத்தே யார் வீடு என்று கண்டுபிடித்துவிடுவார்கள். நான் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கும்போதே, பிள்ளைகளுக்கு மதியச் சோறு ஆக்குகிற அமராவதி, கரண்டியைக் கொதிக்கிற குழம்பிலேயே விட்டுவிட்டுக் கூந்தலை அவிழ்த்தபடி ஓடியிருக்கிறாள். அடிப்பிடித்த குழம்பை நானும் பிள்ளைகளும் சாப்பிட்டிருக்கிறோம்.

சட்டத்தில் இன்னொரு பாதியும் உண்டு. கடலுக்குப் போனவன் திரும்பவில்லை என்றால், உடம்பு கரையில் ஒதுங்குகிற வரைக்கும் அந்த வீட்டில் ஒப்பாரி எடுக்கக் கூடாது. உடம்பு வரவே இல்லை என்றால், எடுக்கவே கூடாது. எடுத்தால் அவன் செத்தான் என்று வீட்டுக்காரர்களே சொன்ன மாதிரி. வாசலில் ஒப்பாரி விழுந்துவிட்டால் விழுந்ததுதான். அதன் பிறகு காரியம் செய்து தாலியை இறக்கியே ஆக வேண்டும்.

பாஞ்சாலை வீட்டில் அப்படி வாயைக் கட்டிப்போட்ட துக்கம் ஒன்று இருந்தது. அவள் புருஷன் ராஜாங்கம், எழுபத்தேழாம் வருஷத்து ஐப்பசியில் கடல் புரண்டபோது போனவன். அவனோடு போன கட்டுமரங்கள் எல்லாம் திரும்பின. அவனுடைய மரமும் எங்கோ வடக்கே ஆளில்லாமல் கரை தட்டியது. அவன் மட்டும் வரவில்லை. பிள்ளை குட்டி இல்லாத வீடு. பாஞ்சாலையும் மாமியார் குப்பம்மாளும்தான். பாஞ்சாலை உப்பளத்தில் கூடை சுமக்கப் போனாள். குப்பம்மாள் பொழுது சாய்ந்தால் ஒரு மண்சட்டியில் கஞ்சி ஊற்றி, தட்டுப் போட்டு மூடி வாசற்படியில் வைப்பாள். "எம் புள்ளைக்கு உப்பு தூக்கலா இருக்கணும்" என்று ஒரு கல் உப்பைத் தன் கையாலேயே போடுவாள். விடிந்ததும் அந்தக் கஞ்சியைக் கோழிக்குக் கொட்டுவாள். மறுநாளும் ஊற்றி வைப்பாள்.

ஒரு நாள் பள்ளிக்கூடத்துக் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு பாஞ்சாலை என்னிடம் சொன்னாள்: "டீச்சர், எனக்கு அழணும் போல இருக்குது. நெஞ்சு கல்லு மாதிரி அடைக்குது. ஆனா நான் அழுதா அவரு செத்துடுவாரே."

எனக்கு எரிச்சல்தான் வந்தது. இதென்ன சட்டம், அழக்கூட ஊரைக் கேட்க வேண்டுமா என்று. ஆனால் அவள் கழுத்தில் கிடந்த மஞ்சள் கயிற்றைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன். அவளுக்கு இரண்டும் வேண்டியிருந்தது. அழவும் வேண்டும், அவன் உயிரோடும் இருக்க வேண்டும். ஆசைதான், யார் தருவார்கள்?

அந்த வைகாசி விடுமுறையில்தான் காசிலிங்கம் வந்தார். புதுச்சேரியில் நாடகக் கம்பெனியில் ஆர்மோனியம் வாசித்தவர். அவ்வப்போது ஸ்திரீ பார்ட்டும் கட்டியிருக்கிறார். கம்பெனி படுத்துவிட்டது. அங்கே ஒரு சங்கத்தார், கிராமத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கதையைப் பாட்டோடும் சத்தங்களோடும் டேப்பில் பிடித்துத் தரச் சொல்லி அவரிடம் பொறுப்பை ஒப்படைத்திருந்தார்கள். ஆரோவில்லில் ஒரு வெள்ளைக்காரரிடம் இரவல் வாங்கிய டேப் ரெக்கார்டர் அவர் தோளில் தொங்கியது. மேலே இரண்டு சக்கரம் சுற்றும், பாட்டரியில் ஓடும். கதை சொல்ல அவருக்கு ஒரு பெண்குரல் தேவைப்பட்டது. என் குரல் மூன்று வகுப்புகளைத் தாண்டிக் கேட்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

கதை அவரே எழுதியது. கடலோரத்து வளையில் அம்மாவோடு இருந்த ஒரு நண்டுக் குஞ்சு, தூரத்தில் பளபளக்கிற உப்புக் குவியலைச் சர்க்கரை மலை என்று நினைத்துப் போகிறது. உப்பளத்து வரப்புகளுக்குள் மாட்டிக்கொள்கிறது. அம்மா நண்டு கரையில் நின்று அழுகிறது. வானம் இரங்கி மழை கொட்டுகிறது. உப்பு கரைந்து, வரப்பு உடைந்து, தண்ணீரோடு தண்ணீராகக் குஞ்சு வீடு வந்து சேர்கிறது. உப்பளத்தில் மழை பெய்தால் அந்த வருஷத்துப் பிழைப்பே போய்விடும். "இத்தனை பேர் வயித்துல அடிச்சு ஒரு நண்டைக் காப்பாத்தணுமாண்ணே?" என்று கேட்டேன்.

"இன்னாம்மா டீச்சர், நண்டு பக்கம் கொஞ்சம் நின்னு பாரேன்" என்றார்.

உப்புக் கிடங்கில் உட்கார்ந்து பதிவு செய்தோம். கீற்றுக் கூரை, கூரை வரை உப்புக் குவியல். உள்ளே பேசினால் குரல் எதிரொலிக்காது, வெளியேயும் போகாது. காசிலிங்கத்துக்கு அது தெரிந்ததும் சந்தோஷம் தாங்கவில்லை. ஈர மணலில் கோணியை இழுத்து அலை செய்தார். தகரத்தில் சோழிகளை உருட்டினால் நண்டு நடந்தது. மழைக்குத்தான் திண்டாடினார். கடைசியில், கூடை இறக்க வந்த பாஞ்சாலை, சாய்த்துப் பிடித்த முறத்தில் கைப்பிடி உப்பைச் சிறுகச் சிறுகச் சரியவிட்டாள். ஓலைக் கூரையில் தூறல் விழுகிற சத்தம் அப்படியே வந்தது. கதவோரம் படுத்துக் கண்ணயர்ந்திருந்த கூலியாள் ஒருவன் பதறி எழுந்து வெளியே போய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்து எங்களைத் திட்டினான். அன்றிலிருந்து மழை பாஞ்சாலையின் வேலை ஆயிற்று. உப்பளத்துக்கு எமனான மழையை உப்பாலேயே பெய்யவைத்தோம்.

எல்லாம் முடிந்தது, அம்மா நண்டின் அழுகை மட்டும் பாக்கி. நான் அழுது பார்த்தேன். ஆஜர் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது என்றார் காசிலிங்கம். அவரே பெண்குரலில் அழுது பார்த்தார். கடைசி வரிசையில் கடலை தின்பவனுக்கும் கேட்க வேண்டும் என்று நாடகத்தில் அழுத பழக்கம். மைக்குக்கு ஒரு முழத்தில் உட்கார்ந்து அப்படி அழுதால் மாடு கத்துகிற மாதிரி இருக்கிறது. ஆர்மோனியத்தில் சோகமாக ஏதாவது வாசித்து ஒப்பேற்றிவிடலாம் என்று அவர் பெட்டியைத் திறந்தபோது, முறத்தோடு நின்ற பாஞ்சாலை கேட்டாள்:

"நான் வேணா அழட்டுமா டீச்சர்?"

காசிலிங்கம் திரும்பிப் பார்த்தார். அவருக்கு அவள் கதை தெரியாது. எனக்குத் தெரியும்.

"நண்டுக்குத்தானே அழுவப் போறேன்? நண்டுக்கு அழுதா இன்னா தப்பு?" என்று என் முகத்தையே பார்த்தாள். பிறகு காசிலிங்கத்திடம், "ஆனா ஒண்ணுங்க. எங்க குப்பத்துல மட்டும் இதப் போடக் கூடாது. சத்தியம் பண்ணுங்க" என்றாள். அவர் ஆர்மோனியத்தின் மேல் அடித்துச் சத்தியம் செய்தார்.

அவள் உப்புக் குவியலில் சாய்ந்து உட்கார்ந்து, தலைமுடியை அவிழ்த்துவிட்டு, கண்ணை மூடினாள். சக்கரங்கள் சுற்றின.

"பத்துக் காலாலே பாத கீறிப் போனவனே,
ஒத்தத் தடங்கூட ஓரத்துல காணலையே!
வளையின் வாசலிலே வழிபாத்து நிக்கிறனே,
அலையக் கேட்டாலும் அது ஒண்ணும் சொல்லலையே!"

இதுவரை நண்டுதான். பிறகு குரல் உடைந்தது. உடைந்த இடத்திலிருந்து வேறு ஒருத்தி அழ ஆரம்பித்தாள்.

"நீலக் கைலி கட்டி நெஞ்சு நிமிந்து போனவனே,
நீல நெறமெல்லாம் நீயின்னு பாக்குறனே!"

அந்த ஓரத்தில் நீலம் என்றால் கடலும் வானமும்தான், வேறென்ன இருக்கிறது? எனக்கு ஒப்பாரி பிடிக்காது என்று சொன்னேன் அல்லவா? அன்றைக்கு என் கண்ணிலிருந்து கொட்டியதை முந்தானையால் துடைக்கக்கூட பயமாக இருந்தது, சேலை சரசரப்பு டேப்பில் விழுந்துவிடும் என்று. காசிலிங்கம் தலையைக் குனிந்துகொண்டார். அவள் அழுது முடித்து, மூக்கைச் சிந்தி, கூந்தலை அள்ளி முடிந்துகொண்டு, "மழைய ஆரம்பிக்கட்டுங்களா?" என்று முறத்தை எடுத்தாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவள் முகம் கழுவிவிட்ட மாதிரி தெளிந்திருந்தது. அவள் வேண்டியது கிடைத்துவிட்டது. அழுதாகிவிட்டது, அவனும் சாகவில்லை.

பிறகு போட்டுக் கேட்டபோது காசிலிங்கம்தான் தலையைச் சொறிந்தார். "நண்டு எங்கம்மா கைலி கட்டும்? வெட்டிடலாமா?" பிளேடைக் கையில் எடுத்தவர், இன்னொரு முறை கேட்டுவிட்டுப் பிளேடைக் கீழே வைத்தார். "இருக்கட்டும். புள்ளைங்க சிரிக்கும்."

ஆனியில் பள்ளிக்கூடம் திறந்தது. பிள்ளைகள் கேட்பதைத் தங்கள் கண்ணால் பார்க்க வேண்டும் என்று சங்கத்தார் சொல்லி அனுப்பினார்கள். நான் பாஞ்சாலையிடம் கேட்டேன். பள்ளிக்கூடத்துக்குக் கிழக்கே சவுக்குத் தோப்பு, அதைத் தாண்டினால் குப்பம். "மத்தியானத்துக்கு மேல போடுங்க டீச்சர். கடல்காத்து ஏறிடும். சத்தமெல்லாம் மேற்கால போயிடும். நானும் வந்து கேக்குறேன்" என்றாள். காற்று விஷயத்தில் அவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

சங்கத்தார் ஜீப்பில் முற்பகலிலேயே வந்து இறங்கிவிட்டார்கள். மத்தியானம் வானூரில் அவர்களுக்கு வேறு கூட்டமாம். ஆனி மாதத்து மேலக்காற்று மணலை வாரி வீசிக்கொண்டிருந்தது. உப்பு விளைய அதைவிட நல்ல காற்று கிடையாது. வேப்பமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் கிழக்கே பார்த்திருந்தது, மணல் திடல் அந்தப் பக்கம்தான், பிள்ளைகளும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள்.

"டீச்சர், காத்து இன்னும் திரும்பல" என்றாள் பாஞ்சாலை.

நான் போய்ச் சொன்னேன். காசிலிங்கம் கேட்டால்தானே? வந்தவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள், அவர் அவர்கள் முகத்தைப் பார்த்தார். "சவுக்குத் தோப்பு இருக்குதேம்மா, அதத் தாண்டியா போவும்? குப்பத்துலதான போடக் கூடாதுன்னு சொன்னது, பள்ளிக்கூடம் குப்பமா?" என்றார். வேண்டுமென்றால் ஒலியைக் குறைத்து வைக்கச் சொல்கிறேன் என்றார். குறைத்தும் வைத்தார். பின்னால் உட்கார்ந்த பிள்ளைகள் கேட்கவில்லை என்று கத்தியதும் மைக் செட்காரர் பழையபடி திருகிவிட்டார். இந்த ஆம்பிளைகளின் சமத்துக்கு நான் என்ன சொல்ல!

பாஞ்சாலை பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்தாள். என் குரல் மரத்திலிருந்து கதை சொன்னது. சோழிகள் நடந்தன. பிள்ளைகள் வாயைத் திறந்தபடி கேட்டார்கள். பிறகு அம்மா நண்டு அழ ஆரம்பித்தது. பாஞ்சாலை தன் குரலையே கேட்டுக்கொண்டு, வாயை இறுக மூடி, ஈச்சம்பாய் பின்னுகிறவள் மாதிரி விரல்களைக் கோத்துக்கோத்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். நீலக் கைலி வந்த இடத்தில், காசிலிங்கம் சொன்னபடியே, பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். "நண்டு கைலி கட்டிச்சாண்டா!"

சமையல் கொட்டகையிலிருந்து அமராவதி கரண்டியோடு ஓடி வந்தாள். கூந்தல் அவிழ்ந்திருந்தது. பிள்ளைகள் நடுவே பாஞ்சாலையைப் பார்த்ததும் அப்படியே நின்றாள். மரத்தைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள்.

"நீ இங்க குந்தியிருக்குற. அப்ப அழுவுறது யாருடி?" என்றவள், அடுத்த நொடியே சவுக்குத் தோப்புப் பக்கம் திரும்பி வாயில் அடித்துக்கொண்டாள். "அய்யோ, குப்பத்துல கேட்டிருக்குமே!"

தோப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து பெண்களின் சத்தம் வந்துகொண்டிருந்தது. ஒருத்தி இரண்டு பேர் சத்தம் அல்ல.

அந்தப் பெண்கள் மேல் குற்றமே இல்லை. ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டு வரும், கட்சிக்காரர் பேச்சு வரும். ஒப்பாரி வந்து அந்தக் கடற்கரையில் யார் கேட்டார்கள்? காற்றில் வந்தது பாஞ்சாலையின் குரல். கேட்டது நீலக் கைலி. ராஜாங்கத்தின் உடம்பு ஒதுங்கிவிட்டது, பெண்டாட்டி அதைக் கண்டு கரையில் விழுந்து அழுகிறாள் என்று நினைத்தார்கள். யாரென்று கேட்கக் கூடாது என்பதால் கேட்கவில்லை. கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள், வலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் போட்டது போட்டபடி குப்பம்மாள் வாசலுக்கு ஓடியிருந்தார்கள்.

பாஞ்சாலை எழுந்து ஓடினாள். நானும் ஓடினேன். சேலை தடுக்கித் தோப்பில் ஒருமுறை விழுந்தேன். ஸ்பீக்கரை நிறுத்தச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. பின்னால் பிள்ளைகள் சிரிப்பதும் கதையில் மழைக்கு முன்னால் வருகிற ஆர்மோனியமும் கேட்டுக்கொண்டே இருந்தன.

வாசல் நிறையப் பெண்கள். தோளோடு தோள் கட்டிக்கொண்டு வட்டமாக உட்கார்ந்து மாரில் அடித்து அழுதார்கள். நடுவில் குப்பம்மாள். அவள் அழவில்லை. ஒவ்வொருத்தி முகத்தையும் பிடித்துத் திருப்பி, "எங்கடி ஒதுங்குனான்? எந்தக் கரையிலடி? மொகம் தெரியுதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். யாருக்குத் தெரியும்?

பாஞ்சாலை கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் அவள் காலில் விழுந்தாள். "அத்தே, அவரு வரல அத்தே! ஒண்ணும் ஒதுங்கல! நான்தான் டேப்புல, நண்டுக்கு…" அந்தச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? பெண்டாட்டி வந்து விழுந்துவிட்டாள் என்று கண்டதும் அழுகை இன்னும் கூடியது. அவளையும் இழுத்து அணைத்துக்கொண்டார்கள்.

ஒப்பாரியில் ஒரு அடி முடிந்து அடுத்த அடி எடுப்பதற்கு முன்னால் எல்லோரும் மூச்சு வாங்குவார்கள். அப்படி ஒரு மூச்சு நேரத்தில், தோப்புக்கு மேலே காற்று மழைச் சத்தத்தைக் கொண்டுவந்தது. முறத்தில் சரிந்த உப்பு. அது ஓய்ந்ததும் ஒரு சின்னக் குரல், சந்தோஷத்தில் கீச்சிட்டுக் கூப்பிட்டது:

"யம்மா! நான் வந்துட்டேன்!"

என் குரல்தான். நண்டுக் குஞ்சு பேசுவதற்காக மூக்கைப் பிடித்துக்கொண்டு பத்துத் தரம் பேசிப் பார்த்த குரல். ஆனால் காற்றில் கலைந்து வந்தபோது அது யார் குரலாக வேண்டுமானாலும் இருந்தது.

குப்பம்மாள் தலையை நிமிர்த்தினாள். "வந்துட்டான்டி!" என்றாள். சுற்றி இருந்த கைகளை உதறிவிட்டு எழுந்து வீட்டுக்குள் ஓடி, அந்த மண்சட்டியில் கஞ்சியை ஊற்றி எடுத்துக்கொண்டு கடலைப் பார்த்து நடந்தாள். வயதான கால்கள், சுடு மணல், சட்டியிலிருந்து கஞ்சி சிந்திக்கொண்டே போயிற்று. நாங்கள் எல்லோரும் பின்னால் போனோம். கடலில் ஒரு கட்டுமரம்கூட இல்லை. அலை வந்து அவள் முழங்காலை நனைத்துவிட்டுப் போனது. அவள் சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். பின்னால் கதை முடிந்து ஆர்மோனியம் குதியாட்டம் போட்டுக்கொண்டிருந்தது. எனக்கு அந்த ஆர்மோனியத்தை உடைத்து அடுப்பில் வைக்க வேண்டும் போல இருந்தது.

குப்பத்துக்குத் தலைவரான நாட்டார் கண்ணாயிரம் வந்து விசாரித்தார். கெட்ட மனிதர் அல்ல. நான் நடந்ததைச் சொன்னேன், காசிலிங்கம் மூச்சிரைக்க வந்து கும்பிட்டுச் சொன்னார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வாசல்ல விழுந்துடுச்சு டீச்சரம்மா. ஊர்ப் பொம்பளைங்க மாரடிச்சு அழுதாச்சு. இனிமே அவனை நடுவழியில நிறுத்தி வெக்க முடியாது. அவன் ஆவிக்கும் ஆவாது, கட்டுமரம் ஏறிப் போறவங்களுக்கும் ஆவாது."

பாஞ்சாலை அவர் முன்னால் கைகூப்பினாள். "மாமா, அது நண்டுக்கு அழுதது மாமா. கதைக்கு அழுதது."

"நண்டு எப்பம்மா கைலி கட்டிச்சு?" என்றார் கண்ணாயிரம். கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

வைக்கோலில் ஆள் மாதிரி ஒன்று கட்டி, பெட்டியில் இருந்த அவனுடைய இன்னொரு நீலக் கைலியைச் சுற்றி, கடலோரத்தில் கொளுத்தினார்கள். படையலுக்குச் சோறு ஆக்கினார்கள். செத்தவருக்கு வைக்கிற சோற்றில் அந்தக் குப்பத்தில் உப்புப் போட மாட்டார்கள். ஊரைச் சுற்றி மலை மலையாக உப்பு கிடக்க, அந்த ஒரு சோறு மட்டும் உப்பில்லாமல் வெந்தது. பாஞ்சாலையை உட்கார வைத்துத் தாலியை இறக்கினார்கள். இப்போது அழு, எவ்வளவு வேண்டுமானாலும் அழு என்று பெண்கள் சொன்னார்கள். அவளுக்கு ஒரு சொட்டு வரவில்லை.

சங்கத்தாருக்குக் கதை பிடித்திருந்ததாம். அந்த அழுகை மட்டும் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். காசிலிங்கம் பிளேடால் அதை வெட்டி எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஆர்மோனியத்தை ஒட்டினார். அந்த டேப்தான் வானூர்ப் பக்கத்துப் பள்ளிகளுக்கெல்லாம் போனது. எங்கள் கிளியனூர்ப் பள்ளிக்கும் போனதாம். அங்கே யாரும் நண்டு கைலி கட்டியதென்று சிரித்திருக்க மாட்டார்கள். காசிலிங்கம் பிறகு இந்தப் பக்கம் வரவில்லை. நல்லதுதான்.

காரியம் முடிந்து கொஞ்ச நாள் கழித்து, ஒரு சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். போகாமலே இருக்கலாம் என்றுதான் பார்த்தேன், கால் கேட்கவில்லை. வாசற்படி காலியாக இருந்தது. செத்தவனுக்குத் தினம் கஞ்சி வைத்தால் வீட்டைச் சுற்றிக்கொண்டே இருப்பான் என்று ஊர் தடுத்துவிட்டது. குப்பம்மாள் படியில் உட்கார்ந்து, சட்டி இருந்த இடத்தைக் கையால் தடவிக்கொண்டிருந்தாள். பாஞ்சாலை உள்ளே அடுப்படியில் இருந்தாள். வெறுங்கழுத்தோடு எட்டிப் பார்த்து, "வாங்க டீச்சர்" என்றாள்.

"அந்த நண்டுக் குஞ்சா பேசுனது நீதானாமே?" என்று கேட்டாள் குப்பம்மாள்.

"ஆமாம்மா."

"அத ஒரு தரம் சொல்லு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவளுக்குப் புத்தி பிசகிவிட்டதோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. எல்லாம் தெரிந்துதான் கேட்டாள். என் மகன் செத்துவிட்டான், ஊரே சொல்லிவிட்டது, நீ பொய்யாகவாவது ஒரு தரம் சொல் என்றுதான் கேட்டாள். மூக்கைப் பிடிக்காமல், என் சொந்தக் குரலில் சொன்னேன்.

"யம்மா, நான் வந்துட்டேன்."

"வாடா" என்றாள். "இம்மாம் நேரமாடா?" பிறகு உள்பக்கம் திரும்பி, "பாஞ்சால, கஞ்சி எடுத்தா" என்றாள்.

பிறகு பாஞ்சாலை அதே மண்சட்டியில் கஞ்சி கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டு, நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குப்பம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சட்டியை எடுத்துக் குடித்தேன்.

கஞ்சியில் உப்பு இல்லை. ஒரு கல் உப்புகூட இல்லை. நான் நிமிர்ந்து பாஞ்சாலையைப் பார்த்தேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அப்போதுதான் அவள் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது, சத்தமில்லாமல்.

"உப்பு போதுமாடா?" என்று கேட்டாள் குப்பம்மாள்.

"போதும்மா" என்றேன். சட்டியைக் கீழே வைக்காமல் கடைசிவரை குடித்தேன்.